கொளத்தாம்புதூரின் நேர்க்கோடு

கொளத்தாம்புதூரில் நேர்க்கோடு என்பது சாந்தாமணியின் முதுகெலும்பு. சுவர் எழுப்பினாலும், கதவு நிறுத்தினாலும், கம்பம் நட்டாலும் அந்த முதுகெலும்புக்கு ஒத்துப்போனால் அது நேர். ஒத்துப்போகாவிட்டால் கோணல். பிரித்துக் கட்ட வேண்டியதுதான்.

ஊர் பேரூராட்சியாக உயர்ந்த நாளில் வந்த ஏற்பாடு இது. பேரூராட்சி என்றால் அலுவலகத்தில் ஒரு தூக்குக்குண்டு இருக்க வேண்டும் என்பது விதி. நூலில் கட்டித் தொங்கவிட்டால் எது நேர் என்று காட்டிக்கொடுக்கும் பித்தளைக் குண்டு அது. மாவட்டத் தலைநகரிலிருந்து பட்டுத் துணியில் சுற்றி வந்து சேர்ந்தது. திறப்பு விழாவன்று அதை எங்கே வைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. வாசல் தோரணத்தில், திருஷ்டிப் பூசணிக்காய்க்குப் பக்கத்தில் தொங்கவிட்டார்கள். விழா முடிந்ததும் பூசணிக்காயோடு சேர்த்து அதையும் மூன்று சுற்று சுற்றி முச்சந்தியில் ஓங்கிப் போட்டார்கள். பூசணிக்காய் உடைந்தது, குண்டு உடையவில்லை. ஆனால் திருஷ்டி கழித்து முச்சந்தியில் போட்டதை எவன் குனிந்து எடுப்பான்? முப்பது வருடத்துக்கு மேலாக அது அங்கேயேதான் கிடக்கிறது. பேருந்துகூட ஒதுங்கித்தான் போகும்.

அன்றைக்கு ஓவர்சியராக இருந்தவர் பொன்னுரங்கம். கையைப் பிசைந்துகொண்டு நிற்கிற ஆள் அல்ல. மறுநாளே அரசுப் பள்ளிக்குப் போய், காலை வழிபாட்டில் எந்தப் பிள்ளை நேராக நிற்கிறது என்று பார்த்தார். எட்டாம் வகுப்பு சாந்தாமணி முதலாவதாக வந்தாள். அதே வகுப்புச் சின்னராசு ஒரு நூல் வித்தியாசத்தில் இரண்டாவது. சாந்தாமணியின் முதுகே இவ்வூரின் நேர் என்று தீர்மானம் எழுதி முத்திரை குத்தினார் பொன்னுரங்கம். சின்னராசு வளர்ந்து கொத்தனார் ஆனான். அந்த ஒரு நூல் வருத்தம் அவனுக்கு இன்னமும் உண்டு.

பதினான்காவது வயதில் சாந்தாமணியின் முதுகு வளையத் தொடங்கியது. மேலே வலப்பக்கம் ஒரு வளைவு, அதைச் சரிக்கட்டுவதுபோல் கீழே இடப்பக்கம் ஒன்று. ஈரோட்டில் எக்ஸ்ரே எடுத்த டாக்டர் இதற்கு ஸ்கோலியோசிஸ் என்று பெயர் சொன்னார். புத்தக மூட்டை சுமந்ததால் வந்ததல்ல, குனிந்து கோலம் போட்டதால் வந்ததல்ல, ஏன் வந்தது என்று தெரியாது, யார் மேலும் தப்பில்லை என்றும் சொன்னார். கொளத்தாம்புதூரில் யாருக்கும் அது கண்ணில் படவில்லை. படுவதற்கு வழியில்லை. ஊரும் கூடவே வளைந்தது.

ஒவ்வொரு வருடமும் தை மாதம் மூன்றாவது புதன்கிழமை அளவு நாள். முதல் சில வருடம் பள்ளி டீச்சர் அளந்தார், பிறகு சின்னராசு நீலச் சாக்கட்டியும் காக்கித்தாள் சுருளுமாக வருவான். வாசலில் நின்றுகொள்வான். அவன் மனைவி மரகதம் உள்ளே போய், சாந்தாமணியின் பின்கழுத்திலிருந்து இடுப்புவரை எலும்பு எலும்பாகத் தொட்டுப் புள்ளி வைத்து, தாளை ஒற்றி எடுப்பாள். அந்தத் தாள் பேரூராட்சிக்குப் போய்ப் பதிவேட்டில் ஒட்டப்படும். அன்று ராத்திரியே கட்டிடங்கள் புதிய நேருக்குத் தங்களைத் திருத்திக்கொள்ளும். அவை தீர்மானத்துக்குக் கட்டுப்பட்டவை. தண்ணீர்த் தொட்டி வலப்பக்கம் தோளைத் தூக்கிக்கொண்டது. திருமண மண்டபம் இடுப்பை இடப்பக்கம் தள்ளிக்கொண்டது. பேருந்து நிலையத்துக் கூரையில் ஒரு பக்கம் மட்டும் விலா புடைத்தது. ஊர் நாற்காலிகளின் முதுகெல்லாம் பாம்பு போனமாதிரி நெளிந்திருக்கும். வெளியூர் மாப்பிள்ளைகள் அதில் உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் எழுந்துவிடுவார்கள். மரியாதைக்காக எழுந்தார் என்று பெண்வீட்டார் எடுத்துக்கொள்வார்கள்.

சாந்தாமணிக்கு இப்போது நாற்பத்து நான்கு வயது. கடைவீதியில் கண்ணாடிக் கடையில் பவர் பார்க்கும் வேலை. வருகிறவர்களை உட்காரவைத்து, குனிந்து, மூக்கில் கண்ணாடிச் சட்டத்தை மாட்டி, "இப்பத் தெரியுதுங்களா, இது மாத்தினாத் தெரியுதுங்களா" என்று கேட்க வேண்டும். நான்காவது ஆளுக்குக் குனியும்போது வலி வந்துவிடும். இடுப்புக்கு மேலே இடது பக்கம் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டே இருப்பதுபோல் ஆரம்பிக்கும். மதியத்துக்குள் அது வலது தோள்பட்டைக்கு ஏறிவிடும். வெந்நீர்ப் பை, தைலம், உட்காரும்போது ஒரு பக்கத்துக்கு அடியில் நாலாக மடித்த துண்டு என்று அவளும் என்னென்னவோ செய்து நாளை ஓட்டினாள். வலிக்கிறது என்று வெளியே சொன்னால்தான் தொல்லை.

"உங்களுக்கெல்லாம் வலி வருமுங்களா?" என்பார்கள். "ஊரே உங்க முதுகுக்குத் தகுந்தாப்புல கட்டி வெச்சிருக்குது. எங்களக் கேளுங்க, அந்தச் சேர்ல உக்காந்து நாங்க படற பாடு!"

வலி இருக்கிறவள் நாற்காலியைக் குறை சொன்னாலாவது கேட்பார்கள். நாற்காலியே அவள் மாதிரி இருக்கும்போது எதைக் குறை சொல்வது?

ஊரில் அவளுக்குக் கட்டுப்படாத கட்டிடம் ஒன்றே ஒன்று உண்டு. கமலவேணி டாக்கீஸ். தீர்மானத்துக்கு முந்தி லைசென்ஸ் வாங்கியது, அதனால் விலக்கு. உள்ளே பழைய மரச் சாய்வு, ஆணி அடித்த மாதிரி நேர். சாந்தாமணிக்குச் சினிமா என்றால் உயிர். ஆனால் இடைவேளை மணி அடிக்கும்போது அவள் முதுகும் கூடவே அடிக்கும். சாய்ந்தும் சரிந்தும் உட்காரலாம் என்றால் பயம். ஊரின் நேர் பொது இடத்தில் சரிந்தால் தண்ணீர்த் தொட்டி என்ன ஆகும்? ஆகவே கம்பிபோல் உட்கார்ந்திருந்து, பல்லைக் கடித்து, முறுக்கு விற்கிறவர் உள்ளே வரும்போது எழுந்து வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுவாள். இருபது வருடமாக எந்தப் படத்தின் இரண்டாம் பாதியையும் அவள் பார்த்ததில்லை. தமிழ்ப் படங்களில் யாரும் சாவதில்லை என்பது அவள் எண்ணம். வில்லன்களை யாராவது ஒருநாள் தட்டிக்கேட்க வேண்டும் என்றும் நினைத்துக்கொள்வாள். ஒரு படம், ஒரே ஒரு படம், கடைசிவரை பார்த்துவிட வேண்டும். அவளுக்கு வேறு பெரிய ஆசை எதுவும் கிடையாது.

அந்த ஆசைதான் அவளைப் பக்கத்து ஊர்ப் பிசியோதெரபிஸ்ட் ஜெசிந்தாவிடம் கொண்டுபோனது. ஜெசிந்தா அவளைத் திருப்பி நிற்கவைத்துப் பார்த்தாள்.

"நேராக்கிடுவேன்னு பொய் சொல்ல மாட்டேங்க்கா. வளைவு உங்களோடதான் இருக்கும். வலியக் கொறைக்கலாம். தசைக்கு பலம் வந்தா ஒண்ணு ரெண்டு டிகிரி நிமிந்தாலும் நிமிரலாம்."

"நிமிரலாமுங்களா?" என்றாள் சாந்தாமணி. பக்கத்து ஊரில் அவள் வெறும் கோணல் முதுகுக்காரிதான். அது அவளுக்கு ரொம்ப நிம்மதியாக இருந்தது.

இடது விலாவுக்குள் மூச்சை அனுப்பச் சொன்னாள் ஜெசிந்தா. முதல் வாரம் மூச்சு போகவில்லை. அங்கே பல வருடமாக யாரும் போய்வந்ததில்லை, வழி அடைத்துக் கிடந்தது. இரண்டாம் வாரம் கொஞ்சம் போனது. காலையில் பாய் விரித்து இருபது நிமிடம், சாயங்காலம் இருபது நிமிடம், நடுவில் நடை. மூன்றாம் மாதம் அவள் ஏழாவது ஆளுக்குக் குனிந்தபோதுதான் நான்காவது ஆளைத் தாண்டிவிட்டது ஞாபகம் வந்தது. சந்தோஷத்தில் அந்த ஏழாவது ஆளுக்குத் தப்பான பவர் போட்டுவிட்டாள். அவரும் நன்றாகத் தெரிகிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் காலை சின்னராசு வந்துவிட்டான்.

"ஏனம்மிணி, என்ன பண்ணிப்போட்ட?" என்றான் வாசலில் நின்றபடியே. "மண்டபத்துக் கதவு சாத்த மாட்டேங்குது. நெலவுச் சட்டம் உம்பட முதுகப் பாத்து நிமிந்துக்கிச்சு. கதவு பதிவேட்டப் பாத்துக்கிட்டு அப்படியே நிக்குது. ரெண்டுக்கும் சண்டை."

"ரெண்டு டிகிரிதான் சின்ராசு."

"ரெண்டு டிகிரியா! தண்ணித் தொட்டி மனசாட்சிக்காரனாச்சே, அவன் ரெண்டயும் பாக்கறான். கால் பதிவேட்டுக்கு, தல உனக்கு. மேக்கால தெருவுக்குத் தண்ணி வழியுது, கெழக்கால தெருவுக்குச் சொட்டுக்கூட இல்ல."

பின்னாலேயே செயல் அலுவலர் ஞானசேகரனும் வந்தார். மாற்றலாகி வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. விதிப்புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்துத் தூங்குகிறவர். வெள்ளிக்கிழமை மண்டபத்தில் ஒரு கல்யாணம் இருப்பதாகவும், அதுவரை உடற்பயிற்சியை நிறுத்திவைக்குமாறும் பணிவோடு கேட்டுக்கொண்டார்.

"நிறுத்தினா எனக்கு வலிக்குமுங்க சார்."

"உங்களுக்கா மேடம்?" என்றார் அவர்.

சாந்தாமணி நிறுத்தினாள். ஊர்க் காரியம், ஒரு கல்யாணம், மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? நான்காம் நாள் கட்டைவிரல் திரும்பி வந்து அதே இடத்தில் அழுத்தியது. வெள்ளிக்கிழமை மண்டபத்துக் கதவு அழகாகச் சாத்திக்கொண்டது. பந்தியில் அவளுக்கு முதல் வரிசை. ரசத்துக்கு முன்னாலேயே எழுந்து கைகழுவும் இடத்துக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் கேட்காமல் அழுதாள். கோபமும் வந்தது. இத்தனை வருடத்தில் அவள் முதுகை இந்த ஊர் எத்தனை முறை அளந்திருக்கிறது! அந்த முதுகுக்கு உள்ளே ஒரு பெண் இருக்கிறாள் என்று ஒரு தாளாவது சொல்லியிருக்கிறதா? மூக்கைச் சிந்திக்கொண்டு வெளியே வந்து, திங்கட்கிழமை முதல் பயிற்சியைத் தொடரப் போவதாகச் செயல் அலுவலரிடம் சொன்னாள். அவர் பாயசக் கோப்பையைக் கீழே வைத்தார்.

திங்கட்கிழமை அவசரக் கூட்டம். நிரந்தரத் தடை கொண்டுவருவதற்காக ஞானசேகரன் மூலத் தீர்மானத்தைப் பரணிலிருந்து இறக்கியிருந்தார். பொன்னுரங்கம் எழுதிய அசல். மற்றவர்களெல்லாம் முதல் வரியோடு நிறுத்தியவர்கள். ஞானசேகரன் எதையும் கடைசிவரை படிப்பவர்.

"'இப்பேரூராட்சியின் நேர், மாணவி சாந்தாமணியின் முதுகு'," என்று வாசித்தார். "'அளவு ஆண்டுக்கொருமுறை எடுக்கப்பட வேண்டும். எடுக்குமுன் பிள்ளைக்கு வலி உண்டா எனக் கேட்க வேண்டும். வலியின்றி இருக்கும்போது எடுத்த அளவே செல்லும்'."

ஞானசேகரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, மரகதத்தைப் பார்த்தார்.

"கேட்டீங்களாம்மா?"

"எங்கீங்க," என்றாள் மரகதம். "புள்ளி வெக்கறப்ப நெளியும். சாக்கட்டி கூசுதாட்ட இருக்குதுன்னு நெனச்சுக்குவேன்."

விதி விதிதான். அவர் பதிவேட்டை எடுத்து, பக்கத்துக்கு மூன்றாவது கட்டம் போட்டு, மேலே 'வலி' என்று எழுதி, பேனாவைத் திறந்தார்.

"தொண்ணூத்தி நாலு?"

"அப்ப இல்லீங்க," என்றாள் சாந்தாமணி.

"தொண்ணூத்தி அஞ்சு?"

"வலிச்சுது."

"தொண்ணூத்தி ஆறு?"

"வலிச்சுது. அப்பெல்லாம் டீச்சரு அளந்தாங்க. சாக்கட்டி சில்லுனு இருந்துச்சு."

"தொண்ணூத்தி ஏழு?"

முப்பது வருடத்தையும் அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் அவள் பதில் சொன்னாள். இரண்டாயிரத்து மூன்றில் உட்கார்ந்துகொண்டே புள்ளி வைக்க வேண்டியிருந்ததைச் சொன்னாள். பதினொன்றில் வலி மாத்திரை போட்டிருந்ததைச் சொன்னாள், அது செல்லுமா என்று சின்னராசு ஆவலாகக் கேட்டான், செல்லாது என்று ஞானசேகரன் சொல்லிவிட்டார். இரண்டாயிரத்துப் பதினைந்து வந்தபோது அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஊரே சேர்ந்து அவளிடம் கேட்டது அதுதான் முதல் தடவை, முப்பது கேள்வியும் ஒரே நாளில் வந்துவிட்டது, அவள் என்னதான் செய்வாள்? மரகதம் எழுந்துவந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். இருவரும் நெளிந்த நாற்காலியில் நெளியாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

தொண்ணூற்றைந்து முதல் எல்லா அளவும் சிவப்பு மையால் அடிக்கப்பட்டது. தொண்ணூற்று நான்கின் தாளைக் கரையான் தின்றிருந்தது. ஆகவே அன்று மாலை நான்கு மணி முதல் கொளத்தாம்புதூரில் நேர் என்று எதுவும் இல்லை. கட்டிடங்கள் என்ன செய்வதென்று தெரியாமல் அவையவை இருந்தபடி இருந்தன. சுவர் வைக்க முடியாது, கதவு மாட்ட முடியாது. சிமெண்டு மூட்டைகள் இறுகின.

இப்போது ஊருக்கே அவள் வலி போயாக வேண்டும். பதினான்கு வெந்நீர்ப் பைகள் வீடு தேடி வந்தன. கண்ணாடிக் கடைக்கு வந்தவர்கள் அவளை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுத் தாங்களே குனிந்தார்கள். தினமும் காலையில் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ, "சாந்தாமணி அவர்களுக்கு இன்று இடுப்பில் லேசாகவும் தோள்பட்டையில் மிதமாகவும்" என்று அறிவித்துக்கொண்டு போகும். ரேஷன் கடைக்குப் பாமாயில் வந்த செய்தி அதற்கப்புறம்தான். சின்னராசு வாசலிலேயே காக்கித்தாளோடு குந்தியிருந்தான். "இப்ப எப்படி அம்மிணி?" என்று அவன் கேட்கும்போதெல்லாம், போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த வலிகூட உட்கார்ந்துவிடும்.

"ஆளு மாத்தி ஆளு கேட்டா எப்பிடிப் போகும்?" என்றாள் ஜெசிந்தா. "பயிற்சியப் பண்ணுங்க. அப்பறம் புடிச்ச காரியம் எதாச்சும் பண்ணுங்க."

"சினிமா புடிக்குமுங்க. ஆனா உக்கார முடியறதில்லியே."

"உக்காந்துதான் பாக்கோணும்னு எந்த ஊர்ச் சட்டங்க்கா?"

சாந்தாமணி யோசித்தாள். இருந்த சட்டம் சிவப்பு மையில் அடிபட்டுக் கிடந்தது. அவள் இப்போது எதற்கும் நேர் இல்லை.

சனிக்கிழமை மதியக் காட்சிக்கு அவள் தலையணையோடு போனாள். கூடவே மரகதம், சின்னராசு, ஞானசேகரன், அவர்களுக்குப் பின்னால் கதவில்லாத வீட்டுக்காரர்கள் எல்லோரும். பெஞ்சு வகுப்பில் முதுகு வைக்காத நீளப் பலகை ஒன்று இருந்தது. சாந்தாமணி அரை மணி நேரம் உட்கார்ந்தாள், கொஞ்சம் நின்றாள், பின்சுவரோரம் ஒரு நடை நடந்தாள். இடைவேளை மணி அடித்தது. முறுக்குக்காரர் வந்தார். கால்கள் பழக்கத்தில் வாசல் பக்கம் திரும்பின. அவள் அவற்றைத் திருப்பிக் கொண்டுவந்து, பலகையில் ஏறி, இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்தாள். முழங்காலை மடக்கினாள். இரண்டு முழங்காலுக்கும் நடுவில் தலையணையை வைத்தாள். தலையை மரகதத்தின் மடியில் போட்டாள். இடது விலாவுக்குள் ஒரு மூச்சை அனுப்பினாள். அது தாராளமாகப் போனது.

விளக்கு அணைந்தது. இரண்டாம் பாதி ஆரம்பித்தது.

படத்தில் கதாநாயகனின் அண்ணன் பேருந்தில் அடிபட்டு விழுந்தார்.

"ஐயோ, செத்துப்போயிட்டாரா?" என்றாள் சாந்தாமணி.

"ஆமாங்க்கா," என்றது தியேட்டர் முழுவதும், ஆறுதலாக.

அவள் அழுதாள். வில்லனை யாரோ கடைசியில் தட்டிக்கேட்டபோது படுத்தபடியே கைதட்டினாள். கண்ணில் தண்ணீர் இன்னும் காயவில்லை. மரகதம் குனிந்து அவள் காதோரமாக, மெதுவாகத்தான் கேட்டாள்.

"சாந்தா, வலிக்குதா?"

சாந்தாமணி முதுகு முழுக்க ஒருமுறை தேடிப்பார்த்தாள். எலும்பு எலும்பாகத் தேடினாள்.

"இல்லியே," என்றாள்.

ஞானசேகரன் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரம் குறித்துக்கொண்டார். சின்னராசு முகத்தைத் திருப்பிக்கொண்டு தாளை நீட்டினான். மரகதம் சாக்கட்டியைக் கையில் வைத்துச் சூடாக்கிவிட்டு, கழுத்திலிருந்து புள்ளி வைக்கத் தொடங்கினாள்.

"நல்லா அளந்துக்குங்க," என்றாள் சாந்தாமணி. "படத்த மட்டும் மறைக்காதீங்க."

முடிவு எழுத்து ஓடி முடிந்து, திரை வெள்ளையாகும்வரை அவள் பார்த்தாள். தாள் அன்று மாலையே பதிவேட்டில் ஒட்டப்பட்டது. 'வலி' என்ற கட்டத்தில் ஞானசேகரன் 'இல்லை' என்று எழுதி, அடியில் கோடு போட்டார்.

மறுநாள் விடிந்தபோது கொளத்தாம்புதூர் இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்திருந்தது. பேருந்து நிலையம் கூரையை மடக்கிக்கொண்டு படுத்திருந்தது. மண்டபத்துக் கதவு, நிலைச்சட்டத்தோடு சமாதானமாகி, நன்றாகச் சாத்திக்கொண்டது. தண்ணீர்த் தொட்டி மட்டும் முன்னங்கால் இரண்டையும் மடக்கி, பின்னங்கால் இரண்டையும் மடக்கி, எதையோ எதிர்பார்ப்பதுபோல் கிடந்தது. சின்னராசு ஏணி போட்டு ஏறிப் பார்த்தான். ஒன்பது மணிக்குப் பேரூராட்சி கூடி, தொட்டியின் கால்களுக்கு நடுவில் வைக்க இலவம்பஞ்சில் முப்பது அடித் தலையணை ஒன்று தைப்பதென்றும், உறைக்கு நீலத் துணி என்றும் முடிவு செய்தது. கிழக்குத் தெருவில் தண்ணீர் வந்துவிட்டது. சாந்தாமணி ஒரு குடம் பிடித்து வைத்துவிட்டு, பாயை விரித்தாள்.